நான்கு அடி விலகிய அடித்தளம்: ஒரு குடியிருப்பு வரைபடத்தில் குரூப்களைக் கையாண்டது பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

பாளையங்கோட்டையில் நாங்கள் நடத்துவது சிறிய கட்டட வரைவு அலுவலகம். மூன்று கணினிகள், மூன்று வரைவாளர்கள், இரண்டு பங்குதாரர்கள். வரைபடங்களைச் சரிபார்த்துக் கையெழுத்திடும் பொறுப்பு என்னுடையது. கீழே வரும் நிகழ்வில் என் கையெழுத்தும் ஒரு பங்கு வகித்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2023 ஜூலையில் ஊருக்குக் கிழக்கே ஒரு குடியிருப்புக்கு வரைபடம் தயாரிக்கும் வேலை வந்தது. 36 வீடுகள், நான்கு வரிசைகள், வரிசைக்கு ஒன்பது வீடுகள். வரிசைகள் வடக்குத் தெற்காக ஓடும். மனை ஒவ்வொன்றும் 30 அடிக்கு 45 அடி, அதாவது மூன்று செண்டுக்குச் சற்றுக் கூடுதல். கிழக்கு வாசல் வீடுகள் 18, மேற்கு வாசல் வீடுகள் 18. நிலத்தின் கிழக்கு எல்லையை ஒட்டி, பாளையங்கால்வாயிலிருந்து பிரியும் சிறு வாய்க்கால் ஒன்று போகிறது. கிழக்கு வரிசை வீடுகளின் முதுகு அந்த வாய்க்காலைப் பார்த்திருக்கும்.

வேலையைத் தொடங்கியவர் எங்களிடம் நான்கு ஆண்டுகள் இருந்த வரைவாளர், கூர்மையான பெண். அவர் நவம்பரில் நல்ல சம்பளத்துக்குச் சென்னை போய்விட்டார். அவருடைய இடத்தில் அமர்ந்தவர் தொழிற்பயிற்சி முடித்து ஓராண்டு ஆன இளைஞர். கைமாற்றம் ஒரு பிற்பகலில் முடிந்தது. கோப்பு எங்கே இருக்கிறது, எந்தத் தாள் எந்தப் பெயரில் இருக்கிறது என்று காட்டப்பட்டது. கோப்புக்குள் வீடுகள் எப்படிக் கட்டிவைக்கப்பட்டிருக்கின்றன என்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

வீடுகள் கட்டிவைக்கப்பட்டிருந்த விதம்

நாங்கள் பயன்படுத்துவது ஆட்டோகேட் என்ற கணினி வரைவு மென்பொருள். அதில் பல உருக்களை ஒன்றாக்கி வைக்க இரண்டு வழிகள் முதன்மையானவை: பிளாக், குரூப். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஒரு கோட்டைத் தொட்டால் முழு வீடும் பிடிபடும். உள்ளே இரண்டும் வேறு வேறு.

பிளாக் என்பது செங்கல் அச்சு மாதிரி. அச்சு ஒன்றுதான், தாளில் நாம் காண்பவை அதன் பதிப்புகள். அச்சைத் திருத்தினால் எல்லாப் பதிப்புகளும் திருந்தும். குரூப்புக்கு அச்சு கிடையாது. அது வெறும் பெயர்ப் பட்டியல். இந்தக் கோடு, அந்த வட்டம், இந்த எழுத்து ஆகியவை ஒரே கூட்டம் என்று கோப்பு நினைவில் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். உருக்கள் தனித்தனியாகவே இருக்கின்றன. ஒரே உரு இரண்டு பட்டியல்களில் இருக்கலாம். பட்டியலுக்குள் பட்டியலும் இருக்கலாம்.

முதல் வரைவாளர் குரூப்பைத் தேர்ந்தெடுத்ததற்கு நியாயமான காரணம் இருந்தது. முன்பணம் கட்டியவர்கள் ஒவ்வொருவரும் ஒரு மாற்றம் கேட்டார்கள். ஒருவருக்கு ஈசானிய மூலையில் பூஜை அறை வேண்டும். இன்னொருவருக்குச் சமையலறைக் கதவு பின்பக்கம் திறக்க வேண்டும். 36 வீடுகளில் 17 வீடுகள் இப்படி மூலவடிவத்திலிருந்து விலகியிருந்தன. பிளாக்காக இருந்தால் ஒரு வீட்டில் கதவை நகர்த்தப் போய் எல்லா வீட்டுக் கதவுகளும் நகரும். குரூப்பில் அந்தத் தொல்லை இல்லை. கன்ட்ரோல், ஷிஃப்ட், ஏ ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தினால் குரூப் பிடிப்பு விலகிவிடும், ஒரு கதவை மட்டும் திருத்தலாம். மீண்டும் அழுத்தினால் வீடு ஒன்றாகிவிடும். பிக்ஸ்டைல் என்ற அமைப்பு மாறியின் மதிப்பும் இதைத்தான் ஆள்கிறது. 1 அல்லது 3 என்றால் குரூப் பிடிக்கும். 0 அல்லது 2 என்றால் பிடிக்காது.

ஆகவே சுவர், தூண், ஃபுட்டிங் (தூணின் அடியில் போடும் கான்கிரீட் பீடம்), மையக்கோடு, கழிவுநீர்க் குழாய், அளவுக் குறிப்பு, எழுத்து எல்லாம் சேர்த்து வீட்டுக்கு ஒரு குரூப். ஒவ்வொன்றிலும் 400 உருக்களுக்குக் குறையாது. நூற்றுக்கணக்கான உருக்களை ஒரே குரூப்பில் போட வேண்டாம், மென்பொருள் தளரும் என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. கோப்பு மெதுவாகத் திறப்பதை நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். கணினி பழையது என்று நினைத்துக்கொண்டோம்.

வெள்ளம் கொண்டுவந்த மாற்றம்

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களின் மழையைத் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. தாமிரபரணி இரு கரைகளையும் விட்டு வெளியே வந்தது. எங்கள் நிலத்தில் அப்போது முள்வேலி மட்டுமே இருந்தது. வாய்க்கால் வளைந்து திரும்பும் வடகிழக்குப் பகுதியில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் மூன்று நாட்கள் நின்றது.

ஜனவரியில் நிலத்தின் உரிமையாளர் வந்தார். வளைவை ஒட்டியிருக்கும் ஐந்து வீடுகளை மேற்கே நான்கு அடி தள்ளுங்கள் என்றார். பின்புறக் காலியிடம் 10 அடியிலிருந்து 14 அடி ஆகும். உள்தெருவின் அகலம் 34 அடியிலிருந்து 30 அடியாகக் குறையும். அனுமதிக்கு இன்னும் அனுப்பவில்லை என்பதால் தடை எதுவும் இல்லை. இளைஞர் ஐந்து வீடுகளையும் நகர்த்தினார், அடித்தளத் தாளின் அளவுகளையும் அன்றே திருத்தினார். எல்லாம் சரியாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்து உரிமையாளர் மனம் மாற்றினார். ஐந்து வீடு உள்ளே, நான்கு வீடு வெளியே என்றால் தெரு கோணலாகத் தெரியும். தண்ணீர் மறுபடி வந்தால் தெற்கு நான்கு வீட்டுக்காரர்களும் நம்மைத்தான் கேட்பார்கள். வரிசை முழுவதையும் தள்ளிவிடுங்கள் என்றார். நல்ல முடிவு. இளைஞர் மீதி நான்கு வீடுகளையும் நகர்த்தினார். திரையில் ஒன்பது வீடுகளும் ஒரே கோட்டில் நின்றன. அச்செடுத்துக் கொடுத்தார். உரிமையாளர் மகிழ்ந்து போனார்.

அன்று தூண், ஃபுட்டிங், மையக்கோடு, அடித்தள அளவுகள் ஆகியவை இருந்த லேயர்கள், அதாவது வரைபடத்தின் அடுக்குகள், ஃப்ரீஸ் செய்து மறைக்கப்பட்டிருந்தன. உரிமையாளருக்குக் காட்டும் தாளில் அவை தெரிய வேண்டாம் என்று முந்தைய நாள் மறைத்து வைத்தவை அவை.

தளத்தில் தெரிந்தது

ஆடியில் யாரும் அஸ்திவாரம் தொடங்குவதில்லை. 2024 ஆவணி பிறந்ததும் பூமி பூஜை நடந்தது. ஐப்பசி மழைக்கு முன் கிழக்கு வரிசையின் அடித்தளம் தரைக்கு மேல் வந்துவிட வேண்டும் என்பது திட்டம். அதனால் இரண்டு குழுக்கள் இறங்கின. ஒன்று வடக்கே முதல் வீட்டிலிருந்து, மற்றொன்று தெற்கே ஒன்பதாம் வீட்டிலிருந்து. ஒன்று முதல் ஐந்து வரையிலான வீடுகளுக்கு ஓர் அடித்தளத் தாள், ஆறு முதல் ஒன்பது வரை மற்றொரு தாள். வடக்குக் குழுவின் கையில் முதல் தாள், தெற்குக் குழுவின் கையில் இரண்டாம் தாள். இரண்டிலும் என் கையெழுத்து.

நான்காம் நாள் காலை வடக்குக் குழுவின் மேஸ்திரி ஒரு வேலை செய்தார். அறுபதைத் தாண்டியவர், தாளைவிட நூலை நம்புகிறவர். ஒரே வரிசை வீடு என்றால், முதல் வீட்டின் முன்தூணிலிருந்து கடைசி வீட்டின் முன்தூண் வரைக்கும் ஒரே நூலாகப் பிடித்துப் பார்ப்பது அவர் வழக்கம். இதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை, எங்கள் தாளிலும் எழுதவில்லை. நூல் முதல் மூன்று வீட்டுக் குழிகளின் நடுவே சரியாக விழுந்தது. எட்டாம், ஒன்பதாம் வீடுகளில் குழிக்கு வெளியே விழுந்தது.

எனக்குத் தொலைபேசி வந்தது. "சார், நூல் தெற்கு வீட்டுக் குழியில் விழவில்லை. நாலடி மேற்கே விழுகிறது. எங்கள் கயிற்றில் பிழையா, உங்கள் தாளில் பிழையா என்று நீங்களே வந்து பார்த்துவிடுங்கள்."

"அண்ணாச்சி, இரண்டு பக்கமும் தோண்டுவதை நிறுத்தச் சொல்லுங்கள். அரை மணியில் வந்துவிடுகிறேன்" என்றேன்.

போய்ப் பார்த்தபோது ஒன்பதாம் வீட்டில் 12 தூண்குழிகளும் தோண்டப்பட்டிருந்தன. அவற்றில் ஐந்து குழிகளில் அடிக் கான்கிரீட்டும் போட்டாகிவிட்டது. எட்டாம் வீட்டில் குழிகள் மட்டும். ஆறு, ஏழு வீடுகளில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். இரண்டு அடித்தளத் தாள்களையும் ஒரு சிமெண்ட் மூட்டையின் மேல் பக்கம் பக்கமாக விரித்தேன். முதல் தாளில் பின்தூணிலிருந்து எல்லை வரை 14 அடி. இரண்டாம் தாளில் 10 அடி. இரண்டு தாள்களும் தம்மளவில் பிழையற்றவை. சேர்த்துவைத்துப் பார்க்காதவரை எதுவும் தெரியாது. அவற்றை நான் வெவ்வேறு நாட்களில் பார்த்துக் கையெழுத்திட்டிருந்தேன்.

அன்று எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, தாளில் பேனாவால் திருத்த வேண்டாம் என்பது. தளத்தில் அது வழக்கம்தான். 10 என்பதை அடித்து 14 என்று எழுதி ஒரு சுருக்கொப்பம் போட்டால் வேலை உடனே தொடரும். ஆனால் பிழை எங்கே பிறந்தது என்று தெரியாத நிலையில், வேறு எந்த அளவு விலகியிருக்கிறது என்பதும் தெரியாது. இரண்டு தாள்களையும் திரும்ப வாங்கிக்கொண்டேன். அலுவலகத்துக்குச் சொல்லி, கோப்பைத் தொடாமல் அப்படியே ஒரு பிரதி எடுத்து வைக்கச் சொன்னேன். சோதனைகள் எல்லாம் அந்தப் பிரதியில்தான் நடந்தன. தோண்டப்பட்ட குழிகளை நாடா பிடித்து அளந்து எழுதிக்கொண்டோம்.

இரண்டாம் முடிவு கடினமானது. மதியம் உரிமையாளர் வந்து, குழி தோண்டியாகிவிட்டது, தெற்கு நான்கு வீடுகளும் பழைய இடத்திலேயே இருக்கட்டும், சுவரைக் குழிக்குத் தகுந்தாற்போல் மாற்றி வரைந்துவிடுங்கள் என்றார். செலவு குறைவு, காலம் மிச்சம். என் பங்குதாரரும் அதற்குச் சாய்ந்தார். நான் ஒப்பவில்லை. அந்த நான்கு அடி அழகுக்காக வந்ததன்று. வாய்க்கால் பெருகியதைக் கண்ணால் கண்ட பிறகு எடுத்த முடிவு அது. 14 அடி என்று காட்டிய தாளைப் பார்த்துத்தான் அந்த நான்கு வீடுகளையும் நான்கு குடும்பங்கள் பதிவு செய்திருந்தன. எங்கள் கோப்பில் நடந்த தவறுக்காக அவர்களை வாய்க்காலுக்கு அருகே தள்ள எனக்கு உரிமை இல்லை. மறுவேலைச் செலவை அலுவலகம் ஏற்கும் என்று சொன்ன பிறகு பேச்சு முடிந்தது.

மூன்றாவது, பழைய குழிகளை மூடும் முறை. தூண்கள் நான்கு அடி மேற்கே போகின்றன. ஃபுட்டிங் நான்கு அடிச் சதுரம், குழி ஐந்தடிச் சதுரம். கணக்குப் போட்டால் புதிய ஃபுட்டிங்கின் கிழக்கு விளிம்பில் அரையடி பழைய குழியின் மேல் உட்காரும். அந்தக் குழியைத் தோண்டிய மண்ணாலேயே மூடியிருந்தால் அந்த விளிம்பு தளர்மண்ணில் இருக்கும், பின்னால் ஒருபக்கமாக இறங்கும். அங்கே செம்மண்ணுக்கு அடியில் சுக்கான் கெட்டியாக இருக்கிறது. ஆகவே பழைய குழிகளில் உதிர்மண்ணை வழித்து எடுத்துவிட்டு, ஃபுட்டிங்கின் அடிமட்டம் வரை மெல்லிய கான்கிரீட்டால் நிரப்பினோம். மண்ணைவிட அது செலவு. வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

காரணத்தைத் தேடியது

அன்று மாலை பிரதியைத் திறந்து எல்லா லேயர்களையும் தெரியவைத்தோம். ஆறாம் வீட்டின் சுவரைத் தொட்டதும் குரூப்பைச் சுற்றி ஒரு கட்டம் தோன்றியது. குரூப்டிஸ்ப்ளேமோட் என்ற அமைப்பு மாறியின் மதிப்பு 2 என்று இருந்தால் தோன்றும் எல்லைக்கட்டம் அது. ஐந்தாம் வீட்டில் கட்டம் சுவருக்கு அளவாக இருந்தது. ஆறாம் வீட்டில் கிழக்கே நான்கு அடி நீண்டிருந்தது. ஒன்பது வீடுகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தோம். ஆறு முதல் ஒன்பது வரை எல்லாமே நீண்டிருந்தன. அடித்தளம் குரூப்பை விட்டு வெளியேறவில்லை. பட்டியலில் அதன் பெயர் இருந்தது, உடல்தான் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது.

மென்பொருளின் விதி இதுதான்: குரூப்பில் ஒன்றைத் தொட்டால் எல்லா உறுப்பினரும் பிடிபடுவர், ஃப்ரீஸ் செய்த லேயரிலும் லாக் செய்த, அதாவது திருத்த முடியாதபடி பூட்டிய, லேயரிலும் இருப்பவர் மட்டும் பிடிபட மாட்டார். சுற்றுலாப் பட்டியலில் பெயர் இருந்தாலும் பஸ் புறப்படும்போது வராதவர் ஊரிலேயேதான் இருப்பார். எந்த எச்சரிக்கையும் வராது. இது மென்பொருளின் கோளாறு இல்லை. அதன் இயல்பு ஆவணத்திலேயே சொல்லப்பட்டிருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் அதை அறிந்தவர் ஊரைவிட்டுப் போயிருந்தார்.

ஊகத்தோடு நிற்க நான் விரும்பவில்லை. பிரதியில் மேற்கு வரிசையிலிருந்து ஒரு வீட்டை எடுத்து, ஃபுட்டிங் லேயரை ஃப்ரீஸ் செய்து, வீட்டை நகர்த்தி, லேயரைத் திரும்பத் திறந்தோம். ஃபுட்டிங் பழைய இடத்திலேயே இருந்தது. லாக் செய்தும் பார்த்தோம், அதே விளைவு. பிறகு அதே வீட்டைப் பிளாக்காக்கி, திறந்திருக்கும் ஒரு லேயரில் வைத்து, உள்ளே இருக்கும் ஃபுட்டிங்கின் லேயரை மட்டும் ஃப்ரீஸ் செய்து நகர்த்தினோம். திறந்து பார்த்தபோது ஃபுட்டிங் வீட்டோடு வந்திருந்தது. இளைஞர் இந்த மூன்று சோதனைகளையும் தன் கையாலேயே செய்தார். காலையிலிருந்து பேசாமல் இருந்தவர் அப்போதுதான் முதல் கேள்வி கேட்டார்: "அப்படியானால் சார், வேறு எந்தக் குரூப்பில் என்ன பிரிந்து கிடக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?"

சரியான கேள்வி. 2012 பதிப்பிலிருந்து குரூப் கட்டளை புதிய வடிவம் எடுத்துவிட்டது. எல்லாக் குரூப்களையும் ஒரே பெட்டியில் காட்டும் பழைய சாளரத்தை கிளாசிக்குரூப் என்று தட்டினால்தான் திறக்கலாம். திறந்தோம். 36 வீடுகளுக்கு இரண்டே பெயர்கள் இருந்தன. பெயரில்லாதவற்றையும் காட்டு என்ற கட்டத்தைக் குறித்த பிறகு பட்டியல் நீண்டது: நட்சத்திரக் குறியுடன் ஏ1, ஏ2, ஏ3 என்று போய்க்கொண்டே இருந்தது. பெயருள்ள குரூப்பைப் பிரதி எடுத்தால் பிரதிக்கு அந்தப் பெயர் வராது. மென்பொருளே ஒரு எண்ணைக் கொடுக்கும். அந்த எண்ணை வைத்து எந்த வீடு என்று சொல்ல முடியாது. உருவைத் தொட்டு அது எந்தக் குரூப்பில் இருக்கிறது என்று கேட்கும் வசதியும், குரூப்பைத் தேர்ந்தெடுத்து உறுப்பினரை ஒளிரச் செய்யும் வசதியும் அந்தச் சாளரத்திலேயே இருக்கின்றன. இரவு பத்து மணி வரை ஒவ்வொன்றாக ஒளிரவைத்துப் பார்த்தோம்.

அடித்தள விலகல் தவிர இன்னும் இரண்டு கிடைத்தன. இரண்டாம் வரிசையில் ஒரு வீட்டின் தண்ணீர்த் தொட்டி பக்கத்து வீட்டுக் குரூப்பிலும் சேர்ந்திருந்தது. அதனால் ஒரு வீட்டைத் தொட்டால் இரண்டும் பிடிபட்டன. அழித்த வீடுகளின் காலிக் குரூப்கள் பலவும் கோப்பில் தங்கியிருந்தன. உருக்களை அழித்தாலும் பட்டியல் அழிவதில்லை.

மறுநாள் சென்னையிலிருந்த முதல் வரைவாளரை அழைத்தேன். அவர் தயங்காமல், "சார், எந்த வீட்டில் என்ன மாற்றம் என்பதைத் தனி நோட்டில் எழுதி வைத்திருந்தேன். இரண்டாவது மேசையின் கீழ் இழுப்பறையில் இருக்கும்" என்றார். இருந்தது. 17 வீடுகள், வீட்டுக்கு ஒரு பக்கம், தேதியோடு. அதன் கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு வரி: நகர்த்தும் முன் எல்லா லேயரையும் திறக்கவும். ஒன்பது மாதங்களாக அது இழுப்பறையில் கிடந்திருக்கிறது.

திருத்தி அமைத்தது

இனி அலுவலகத்தில் குரூப்பே கூடாது என்றார் பங்குதாரர். அவருடைய கோபம் எனக்குப் புரிந்தது, முடிவோடு உடன்பட முடியவில்லை. 17 வீடுகள் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன என்பது உண்மை. அவற்றை 17 பிளாக்குகளாக வைத்தால், பொதுவான ஒரு தூணை மாற்ற 17 அச்சுகளைத் திருத்த வேண்டிவரும்; ஒன்றை மறந்தால் அடுத்த பிழை அங்கே பிறக்கும். எது எல்லா வீட்டிலும் ஒன்றாக இருந்தே தீர வேண்டும், எது வீட்டுக்கு வீடு மாறலாம் என்று முதலில் பிரிக்க வேண்டும் என்றேன்.

தூண், ஃபுட்டிங், மையக்கோடு, வெளிச்சுவர் ஆகியவை மாறக்கூடாதவை. அவை பிளாக் ஆயின: கிழக்கு வாசலுக்கு ஒன்று, மேற்கு வாசலுக்கு ஒன்று. ஒன்றைக் கண்ணாடிபோல் திருப்பி மற்றொன்றாக்கலாம் என்று இளைஞர் சொன்னார். பிளாக்கைத் திருப்பினால் உள்ளே இருக்கும் எழுத்தும் இடவலமாகத் திரும்பிவிடும் என்பதால் இரண்டையும் தனித்தனியாகவே அமைத்தோம். பிளாக்கின் பிடிபுள்ளி தென்மேற்குத் தூணின் மையம். மேஸ்திரியும் அங்கிருந்துதான் அளக்கிறார். பிளாக் நிற்கும் லேயரை எந்த நாளும் ஃப்ரீஸ் செய்வதில்லை, செய்தால் வீடே மறைந்துவிடும். உட்சுவர், பூஜை அறை, கதவு மாற்றங்கள், குழாய் ஆகியவை குரூப்பாகவே இருந்தன. ஆனால் ஒவ்வொன்றுக்கும் வரிசை எண்ணும் வீட்டு எண்ணும் கொண்ட பெயர் இடப்பட்டது. காலிக் குரூப்களைத் துப்புரவுக் கட்டளையால் நீக்கினோம்.

அச்சுக்காக லேயரை மறைக்கும் பழக்கத்தைத்தான் அடியோடு மாற்றினோம். வரையும் இடத்தில் ஃப்ரீஸ் செய்யாமல், அச்சுத் தாளில் வரைபடத்தைக் காட்டும் சாளரத்துக்குள் மட்டும் ஃப்ரீஸ் செய்கிறோம். உரிமையாளர் பார்க்கும் தாளில் ஃபுட்டிங் தெரியாது. வரைபவர் வேலை செய்யும் இடத்தில் எப்போதும் தெரியும். அன்று இந்த ஒரு பழக்கம் இருந்திருந்தால் மற்ற குறைகள் எல்லாம் இருந்தும் அந்த நான்கு அடி விலகியிருக்காது என்றே நினைக்கிறேன்.

மூன்று நாட்களில் கோப்பு திருந்தியது. திருத்திய தாளோடு புதிதாக ஒரு தாளும் தளத்துக்குப் போனது. அதில் சுவரும் ஃபுட்டிங்கும் ஒன்றின் மேல் ஒன்றாக, ஒன்பது வீடுகளும் ஒரே தாளில். மேஸ்திரி அதைப் பார்த்துவிட்டு, "முதலிலேயே இப்படிக் கொடுத்திருந்தால் நூல் பிடிக்கும் முன்பே சொல்லியிருப்பேன்" என்றார்.

பின் வந்தது

தளத்தில் ஆறு வேலை நாட்கள் போயின. தெற்குக் குழுவின் கூலியையும், குழி நிரப்பிய கான்கிரீட்டின் செலவையும் அலுவலகம் கொடுத்தது. மழை தொடங்கும் முன் கிழக்கு வரிசை தரைக்கு மேல் வந்துவிட்டது. ஒன்பதாம் வீட்டில் மட்டும் அடித்தள உத்தரம் இரண்டு வாரம் தாமதமானது.

இளைஞர் வேலையை விட்டுப் போகிறேன் என்று வந்து நின்றார். அவருக்குச் சொல்லித்தராத விதிக்காக அவரை அனுப்ப எனக்கு மனமில்லை. சோதனைகளைச் செய்தவர் அவர். திருத்திய கோப்பின் பொறுப்பும் அவரிடமே இருக்கிறது.

நவம்பரில் புதிய ஏற்பாட்டுக்குச் சோதனை வந்தது. கிழக்கு வாசல் வீடுகளில் மாடிப்படித் தூணின் ஃபுட்டிங்கை நாலரை அடியாக்கச் சொன்னார் கட்டமைப்புப் பொறியாளர். அந்த வீடுகளில் வேலை தொடங்கியிருக்கவில்லை. பிளாக்கின் அச்சில் ஒரு முறை திருத்தினோம். பிளாக்குகளை எண்ணியபோது 18 வர வேண்டிய இடத்தில் 17 வந்தது. மூன்றாம் வரிசையின் ஐந்தாம் வீட்டில், ஒரு சன்னலை நகர்த்துவதற்காக இன்னொரு வரைவாளர் பிளாக்கைத் தனித்தனிக் கோடுகளாக உடைத்திருந்தார். அங்கே மட்டும் ஃபுட்டிங் பழைய அளவிலேயே இருந்தது. எண்ணிப் பார்த்ததால் தாள் வெளியே போகும் முன் தெரிந்தது. பிளாக் தன்னைத்தானே காத்துக்கொள்ளும் என்று எண்ணியிருந்தால் அதுவும் தளத்துக்குப் போயிருக்கும்.

மாற்றுவதும் மாற்ற நினைப்பதும்

எண்ணிக்கை இப்போது கட்டாயம். ஒவ்வொரு தாளும் வெளியே போகும் முன் பிளாக்குகளை எண்ணி, வீடுகளின் எண்ணோடு ஒப்பிட்டு, அந்த எண்ணைத் தாளின் மூலையில் எழுதுகிறோம். சுவரும் அடித்தளமும் ஒன்றாகத் தெரியும் தாள் இல்லாமல் எந்த அடித்தளத் தாளிலும் நான் கையெழுத்திடுவதில்லை. ஒரு வரிசையை இரண்டு தாளில் பிரித்தால், இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரே அமர்வில் பார்க்கிறேன்.

இரண்டு குழுக்கள் இரண்டு முனையிலிருந்து தொடங்கும் தளங்களில், சுண்ணாம்பு போடும் முன் முழு வரிசைக்கும் ஒரே நூல் பிடிக்க வேண்டும் என்பதைத் தாளின் குறிப்பிலேயே எழுதிவிட்டோம். இந்த வரியை எழுதியபோது மேஸ்திரியிடம் வாசித்துக் காட்டி, முறை சரிதானா என்று கேட்டுக்கொண்டோம். முன்தூணோடு பின்தூணுக்கும் ஒரு நூல் வேண்டும் என்று அவர் சொன்னதால் அதையும் சேர்த்தோம்.

இன்னும் தீராதது ஒன்று உண்டு. மாற்றம் கேட்ட வீடுகளின் குரூப்கள் கட்டுமானம் முடிந்த பிறகும் குரூப்பாகவே இருக்க வேண்டுமா, அல்லது அந்த நிலையிலேயே வீட்டுக்கு ஒரு பிளாக்காக உறையவைத்துவிடலாமா என்பதில் எனக்கும் பங்குதாரருக்கும் இன்னும் கருத்து ஒன்றாகவில்லை. அவர் உறையவைக்கச் சொல்கிறார். ஐந்தாண்டுக்குப் பிறகு மாடி கட்ட வரும் வீட்டுக்காரருக்காகத் திறந்தே வைக்கலாம் என்பது என் எண்ணம். கிழக்கு வரிசை ஒப்படைக்கப்படும்போது முடிவு செய்வதாக இருக்கிறோம்.

அந்த நோட்டு இப்போது இழுப்பறையில் இல்லை. அதன் 17 பக்கங்களையும் கடைசிப் பக்கத்துச் சிவப்பு வரியையும் கோப்பின் முதல் தாளாகத் தட்டச்சிட்டு வைத்திருக்கிறோம். கோப்பைத் திறந்தால் முதலில் தெரிவது அதுதான்.